நம்ம கிருமிக்கு வெள்ளி விழா

மூலக்கூறு மேம்பாட்டு ஆய்வு மையத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஏசி ஒன்றே ஒன்றுதான். அது இயக்குநர் அறையில் இல்லை. கிருமி இருந்த அறையில் இருந்தது. சித்திரை வெயிலில் பேராசிரியர்கள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கிருமியைப் பார்க்கப் போவார்கள். பார்த்துவிட்டு ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வருவார்கள்.

மையம் அடையாறில், இரண்டு கல்யாண மண்டபங்களுக்கு நடுவில் இருந்தது. பெயர்ப்பலகையில் சுருக்கமாக மூ.மே.ஆ.மை. என்று எழுதியிருந்தார்கள். ஆட்டோக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ‘ஆமை’ என்றார்கள். நாளடைவில் உள்ளே இருந்தவர்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வேலை நடக்கும் வேகத்தை வைத்துப் பார்த்தால் அதில் தப்பு சொல்லவும் முடியாது.

அங்கே நடக்கும் ஆராய்ச்சியை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஓர் உலோகத்தை எடுத்து நடுவில் உட்கார வைப்பார்கள். கரிமச் சேர்மம் ஒன்றைக் கொண்டுவந்து, சுற்றிலும் நண்டுபோல அதைக் கவ்விக்கொள்ளச் செய்வார்கள். கவ்விக்கொள்வதற்கு ஈனி என்று பெயர். கவ்விய பிறகு மொத்தத்துக்கும் அணைவுச் சேர்மம் என்று பெயர். கிடைத்த பொடியைக் கிருமியிடம், அதாவது வயிற்றைக் கெடுக்கும் ஈ.கோலையிடம், காட்டுவார்கள். கிருமி செத்தால் முனைவர் பட்டம். ஒருவர் நிக்கலை வைத்துப் பட்டம் வாங்கினால் அடுத்தவர் கோபால்ட்டை வைத்து வாங்குவார், அதற்கடுத்தவர் துத்தநாகத்தை வைத்து. உலோகங்கள் தீர்ந்துபோனபோது மறுபடியும் நிக்கலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

சண்முகவடிவுக்குத் தாமிரம் வந்து சேர்ந்தது. அவளுடைய அப்பா தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வந்தவர். அவள் ஆமையில் சேர்ந்த அன்றைக்கே அவர் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டு, “வடிவு டாக்டருக்குப் படிக்கா” என்று சொல்லிவிட்டார். ஆறு வருஷமாக அவள் படித்துக்கொண்டே இருந்தாள். பொறுமை இழந்த சித்தப்பா ஒருவர் போன தீபாவளிக்கே கே.கே. நகர் வீட்டுக்கு வந்து, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் போனார். இந்த வருஷத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவள் பதிவு ரத்தாகிவிடும். பிறகு சித்தப்பாவின் நாக்குக்கு யார் பதில் சொல்வது?

ஒருவழியாக அவளுடைய சேர்மம் தயாரானது. மயில் கழுத்துப் பச்சையில், ஊசி ஊசியாகப் படிகங்கள். ஈனியில் வெனிலாச் சமாசாரம் கொஞ்சம் இருந்ததால் ஐஸ்கிரீம் வாசனை வேறு. அதற்கு எஸ்.வி-4 என்று பெயர் வைத்து, சோதனைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

சோதனை எளிதானது. ஜெல்லி ஊற்றிய கண்ணாடித் தட்டு முழுக்கக் கிருமியைத் தடவ வேண்டும். சின்ன வட்டக் காகிதம் ஒன்றை மருந்தில் நனைத்து நடுவில் வைக்க வேண்டும். ஒருநாள் கழித்துப் பார்த்தால் தட்டெல்லாம் கிருமி வளர்ந்து வெளுத்திருக்கும். மருந்துக்குச் சக்தி இருந்தால், காகிதத்தைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவாக ஒரு வளையம் தெரியும். ஸ்கேலை வைத்து அந்த வளையத்தை அளக்க வேண்டும். ஆமையில் எல்லாரும் காலை வணக்கத்துக்குப் பதிலாக, “வளையம் வந்துச்சா?” என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்.

எஸ்.வி-4 இருபத்து நான்கு மில்லிமீட்டர் வளையம் கொடுத்தது. வடிவுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துத் தட்டைப் பார்த்தாள். அதில் காகிதத்தை நனைக்கவே மறந்துபோயிருந்தாள். வெறும் காகிதம், உலர்ந்தபடியே உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி இருபத்திரண்டு மில்லிமீட்டருக்கு வளையம்.

தட்டைத் தூக்கிக்கொண்டு தன் நெறியாளர் டாக்டர் சித்தார்த்தனிடம் ஓடினாள்.

“வளையம் வந்திருக்கே! அப்புறம் ஏன் முகத்தை இப்படி வெச்சிருக்கே?” என்றார் அவர்.

“சார், இதுல மருந்தே இல்ல சார். வெறும் காகிதம்.”

சித்தார்த்தன் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “அப்ப காகிதத்துக்கும் ஆற்றல் இருக்குன்னு அர்த்தம். நீ இதைத் தனியாவே ஒரு பேப்பரா எழுதிடு. பேப்பரைப் பத்தி ஒரு பேப்பர்!” என்று சொல்லி அவரே சிரித்தார். சிரித்து முடித்ததும் நிஜமாகவே எழுதச் சொன்னார். அது ஒரு சர்வதேச ஆய்விதழில் வெளியாகி, சிறந்த கட்டுரைக்கான பரிசும் வாங்கியது. கட்டுரையில் முதல் பெயர் சித்தார்த்தனுடையது.

வடிவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. யாருக்கும் தெரியாமல் குழாய்த் தண்ணீரை வைத்துப் பார்த்தாள். வளையம் வந்தது. டீயை வைத்தாள். வந்தது. கேன்டீன் ரசத்தை வைத்தபோது முப்பத்தொரு மில்லிமீட்டர் வந்தது. ஆமையின் சரித்திரத்திலேயே அவ்வளவு பெரிய வளையம் வந்ததில்லை.

அன்று மாலை தன் பள்ளித்தோழி ஜுவேரியாவைப் பார்க்கப் போனாள். ஜுவேரியா இந்திரா நகரில் ஒரு நர்சிங் ஹோமின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் அடுத்தவர்களின் கிருமிகளோடு குப்பை கொட்டுகிறவள்.

“ரசத்துக்குச் செத்துப்போற ஈ.கோலையா?” என்று கேட்டு ஜுவேரியா வாய்விட்டுச் சிரித்தாள். “ஈ.கோலைன்னா எங்க ஆஸ்பத்திரியில ஊசி மேல ஊசி போட்டும் அடங்காதுடி. மச்சி, உங்க கிருமிக்கு இன்னாவோ உடம்பு சரியில்ல. நல்லதா ஒண்ணு வாங்கி டெஸ்ட் பண்ணு.”

வாங்கினார்கள். வடக்கே ஒரு கிருமி வங்கியிலிருந்து, சான்றிதழோடு, பஞ்சு சுற்றிய பெட்டியில் அசல் ஈ.கோலை வந்து இறங்கியது. வடிவு எஸ்.வி-4ஐ வைத்தாள். மறுநாள் தட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தட்டு முழுக்கக் கிருமி கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. பச்சைக் காகிதத்தின் மேலேயே ஏறி, குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தது.

சித்தார்த்தன் இந்தத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. கையாலேயே தொடவில்லை.

“யாரைக் கேட்டு வெளிக் கிருமியை உள்ள கொண்டு வந்தே?” என்றார்.

“சார், இது சான்றிதழோட...”

“நம்ம கிருமிக்கு என்ன குறை? நான் பட்டம் வாங்கினதே அதை வெச்சுத்தான். உனக்கு அது பத்தலையா?”

மூன்று நாளில் சுற்றறிக்கை வந்தது. ஆய்வு மாணவர்கள் மையத்துக்கு வெளியே வளர்ந்த கிருமிகளோடு எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு அடுத்த வாரம் விசாரணைக் குழு கூடியது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநர், சித்தார்த்தன், பதிவாளர். இந்தப் பக்கம் வடிவு. நடுவில் மூடிபோட்ட இரண்டு சோதனைக் குழாய்கள். ஒன்று நம்ம கிருமி, மற்றது வெளிக் கிருமி. நம்ம கிருமிக்குக் கீழே மட்டும் ஒரு வெல்வெட் துணி விரித்திருந்தார்கள்.

“வந்திருக்கிற கிருமிக்கு முன் அனுபவம் உண்டா?” என்று கேட்டார் பதிவாளர்.

“கிருமிக்கா சார்?”

“கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க.”

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மைக் இல்லாத இடத்திலும் மைக் முன்னால் நிற்பதுபோலப் பேசக்கூடியவர் அவர். “அம்மா சண்முகவடிவு! இந்தக் கிருமி, தன்னலம் கருதாமல், இதுவரை நாற்பத்தொரு முனைவர்களை உருவாக்கியிருக்கிறது. நீ கொண்டுவந்த கிருமி எத்தனை முனைவர்களை உருவாக்கியிருக்கிறது?”

வடிவு யோசித்துப் பார்த்தாள். “அது இப்பத்தான் சார் வந்துச்சு.”

“வந்த அன்றைக்கே எதிர்க்கிறது. நாம் கொடுத்த மருந்தைக் கொஞ்சமும் மதிக்கவில்லை. இப்படிப்பட்ட ஒன்றை நம்பி நாளைக்கு ஒரு மாணவனின் எதிர்காலத்தை எப்படி ஒப்படைப்பது? ஆராய்ச்சி என்பது என்ன? முடிவு தெரிந்த பிறகு நிதானமாக அதை நோக்கிப் போவது. அதற்கு ஒத்துழைக்கிற கிருமிதான் கிருமி.”

சித்தார்த்தன் மேசையைத் தட்டினார். பதிவாளர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

தீர்ப்பு இரண்டு பகுதியாக வந்தது. வெளிக் கிருமியைப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். வடிவு மன்னிப்புக் கேட்க வேண்டும். யாரிடம் என்பதில் கொஞ்ச நேரம் குழப்பம் இருந்தது. பாதிக்கப்பட்டவரிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று விதி. பாதிக்கப்பட்டது கிருமி. ஆகவே மறுநாள் காலை வடிவு ஏசி அறையில் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்று, எழுதிக்கொண்டு போனதை வாசித்தாள். அட்டெண்டர் வேலு சாட்சியாக ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

“தங்கள் நற்பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தும் எண்ணம் எனக்கு ஒருபோதும்...” என்று வடிவு ஆரம்பித்தாள்.

“சீக்கிரம் படிம்மா,” என்றான் வேலு. “கூலிங் பூரா வெளிய போய்க்கினு கீது. எல்லார் டிபன் பாக்ஸும் இதுலதான் கீது.”

உண்மைதான். கிருமிக்கு மேல் தட்டில் பதிவாளரின் தயிர்சாதமும், கீழ்த்தட்டில் சித்தார்த்தனின் மோர் பாட்டிலும், பக்கவாட்டில் யாரோ மறந்துபோன அரை மூடித் தேங்காயும் இருந்தன. வாசித்து முடித்ததும் கிருமி எதுவும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டதாக வேலு கையெழுத்துப் போட்டான்.

இந்த விவகாரம் முடிந்த சூட்டோடு இயக்குநருக்கு ஒரு யோசனை பிறந்தது. கிருமி ஆமைக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அதன் புகழுக்கு ஏற்பட்ட களங்கத்தை நீக்க வெள்ளி விழா எடுத்தால் என்ன?

எடுத்தார்கள். வாசலில் வாழை மரம் கட்டினார்கள். மயிலாப்பூரிலிருந்து நாதஸ்வரம் வந்தது. கிருமியால் பட்டம் பெற்ற நாற்பத்தொரு பேருக்கும் அழைப்பு போனது. ‘கண்ணுக்குத் தெரியாத கருணை’ என்று மலர் அச்சடித்தார்கள். விழாவுக்கு முந்தின நாள் மாலை, வேலுவும் இன்னும் மூன்று பேரும் ஃபிரிட்ஜையே தூக்கிக்கொண்டு போய் அரங்க மேடையில் வைத்தார்கள். கேன்டீன் ஃபிரிட்ஜ் கெட்டுப்போயிருந்ததால், விழாவுக்குக் காய்ச்சி ஆறவைத்த பாலும் பெரிய அலுமினிய அண்டாவில், கிருமியின் காலடியில் இடம் பிடித்தது. மேடையில் இருந்தது ஒரே ஒரு பிளக். அதில் ஃபிரிட்ஜைச் செருகுவதா, சீரியல் பல்பைச் செருகுவதா என்று கேள்வி வந்தபோது, விழாவுக்கு வெளிச்சம் முக்கியம் என்று பதிவாளர் முடிவு செய்தார்.

மறுநாள் விழா கோலாகலமாக நடந்தது. தலைமை விருந்தினராக வந்த முன்னாள் துணைவேந்தர் ஒருவர் ஃபிரிட்ஜுக்குப் பொன்னாடை போர்த்தினார். ஃபிரிட்ஜின் தோள் எது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி, கடைசியில் கைப்பிடியில் சுற்றிக் கட்டினார். இயக்குநர் உரையாற்றினார்.

“இந்தக் கிருமி ஒருநாளும் நம்மை எதிர்த்தது கிடையாது! நிக்கலைக் காட்டினோம், தலை வணங்கியது. கோபால்ட்டைக் காட்டினோம், தலை வணங்கியது. ஒன்றுமே காட்டாதபோதும் தலை வணங்கியது! இன்றைய ஆய்வு மாணவர்களுக்கு இதைவிட ஒரு முன்மாதிரி உண்டா?”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அதன் பிறகு சிற்றுண்டி. தயிர்வடை.

அப்படி ஒரு தயிர்வடையை ஆமையில் யாரும் சாப்பிட்டதில்லை. கட்டித் தயிர், இதமான புளிப்பு. முன்னாள் துணைவேந்தர் மூன்று சாப்பிட்டார். இயக்குநர் கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்தார். வடிவு அப்போதுதான் தன் கிண்ணத்தில் ஸ்பூனை வைத்தாள். கேன்டீன் ஜோதிலட்சுமி கையில் எதையோ துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றாள்.

“வடிவு, இது உங்க சாமானா பாரு. தயிருக்குள்ள கெடந்துச்சு.”

“எந்தத் தயிர்க்கா?”

“ஃபிரிட்ஜுல அண்டா நெறய இருந்துச்சே. பாலுன்னுதான் தொறந்தேன், கல்லாட்டம் தயிரா கீது. எவனோ புண்ணியவான் ஒற ஊத்தி வெச்சிருக்கான்னு வடைய ஊறப் போட்டுட்டேன்.”

அவள் கையில் இருந்தது ஒரு சோதனைக் குழாய். மூடி கழன்றிருந்தது. உள்ளே சுத்தமாகக் காலி. லேபிளில் ‘ஈ.கோலை – ஆமை 1 – தொடாதே’ என்று எழுதியிருந்தது. ஃபிரிட்ஜில் அண்டாவை நுழைத்த ஆட்டத்தில் பாலுக்குள் உருண்டு விழுந்திருக்க வேண்டும்.

வடிவு ஸ்பூனைக் கீழே போட்டாள். அரங்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் இருபத்தைந்து வருஷத்து ஈ.கோலையைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். சித்தார்த்தனிடம் ஓடிப்போய்க் காதில் சொன்னாள். அவர் முகம் எஸ்.வி-4ஐ விடப் பச்சையானது. அவர் ஓடிப்போய் இயக்குநர் காதில் சொன்னார். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே, யாருக்காவது வயிறு வலிக்கிறதா?”

யாருக்கும் வலிக்கவில்லை. ஒருவர் இன்னொரு வடை கிடைக்குமா என்று கேட்டார்.

இயக்குநர் மைக்கை அணைத்தார். சித்தார்த்தனைப் பார்த்தார். சித்தார்த்தன் அவரைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் விளங்கியது. சாப்பிட்டது ஈ.கோலையாக இருந்தால் வயிறு வலித்தே ஆக வேண்டும். வலிக்கவில்லையென்றால் அது ஈ.கோலை இல்லை. ஈ.கோலை இல்லையென்றால் நாற்பத்தொரு பட்டங்கள்?

“வலிக்கணும்,” என்றார் இயக்குநர் மெல்ல.

சொல்லிவிட்டு அவரே முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். மையத்தின் மானம் போகும் நேரத்தில் சித்தார்த்தன் சும்மா இருப்பாரா? “ஐயோ!” என்று உட்கார்ந்தார். துறைத் தலைவர்களுக்கு வலித்தது. பிறகு பேராசிரியர்களுக்கு. இணைப் பேராசிரியர்கள் தங்கள் பேராசிரியருக்கு வலிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்து, அதற்கப்புறமே விழுந்தார்கள். பட்டம் பெற்ற நாற்பத்தொரு பேரும் வரிசையாகச் சுருண்டார்கள். தற்காலிக விரிவுரையாளர்கள் இரண்டு பேருக்கு வடையே பரிமாறப்படவில்லை. அவர்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகப் புரண்டார்கள். அடுத்த மாதம் பணி நிரந்தரத்துக்கான நேர்முகம் இருந்தது.

முன்னாள் துணைவேந்தருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அவர் வேறு நிறுவனத்தில் பட்டம் வாங்கியவர். நான்காவது வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னாடா இது, எல்லாம் கொத்துக்கொத்தா உழுவுறாங்க!” என்று கத்திக்கொண்டே வேலு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். ஒன்று போதவில்லை. பிறகு கல்யாண மண்டபத்து வாசலில் நின்ற வேன்களையும் பிடித்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு அலங்கரித்த காரில் இயக்குநரை ஏற்றினார்கள். முன்கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்க, அவர் முனகிக்கொண்டே போனார்.

எல்லாரும் போய் இறங்கியது ஜுவேரியாவின் நர்சிங் ஹோமில். அவள் சாயங்காலம்வரை தலை நிமிராமல் எல்லாரையும் பரிசோதித்தாள். முடிவில் வடிவைத் தனியாக வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லடி. எல்லாருக்கும் வயிறு பிரமாதம். அந்தப் பதிவாளருக்கு எத்தனையோ வருஷமா இருந்த மலச்சிக்கல் இன்னைக்குத்தான் தீந்துச்சாம். அழுவுறாரு.”

“அப்போ கிருமி?”

“நீ கொண்டாந்த தயிரு, குழாய், உன் தட்டு, எல்லாத்தையும் பாத்துட்டேன். ஈ.கோலையும் இல்ல, ஒரு கோலையும் இல்ல. தயிருடி! பாலைத் தயிராக்குற சாதாரண பாக்டீரியா. உங்க ஜெல்லியில அதுக்கு ஒழுங்கா வளரவே தெம்பு கிடையாது. பக்கத்துல எதை வெச்சாலும் வளையம் வரும்.”

வடிவு வராந்தாச் சுவரில் சாய்ந்தாள். டிபன் பாக்ஸ்கள் நிறைந்த அந்த ஃபிரிட்ஜ் கண்ணில் வந்தது. எப்போதோ, எந்தத் தயிர்சாதமோ, எந்த மூடி சரியாக மூடாத குழாயிலோ. அசல் ஈ.கோலை எந்த வருஷம் விடைபெற்றதோ. நிக்கலும் கோபால்ட்டும் துத்தநாகமும் ஏந்தி, நாற்பத்தொரு பேர் பதிவாளர் வீட்டுத் தயிரோடு போர் நடத்தியிருக்கிறார்கள். ஜெயித்தும் இருக்கிறார்கள்! அவளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. ஜுவேரியாவும் சேர்ந்துகொண்டாள். இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்து, இவர்களும் தயிர்வடை சாப்பிட்டவர்கள் போலிருக்கிறது என்று நர்ஸ் ஒருத்தி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் சித்தார்த்தன் கையில் குளுக்கோஸ் ஊசியின் பஞ்சோடு வந்து அவளைக் கூப்பிட்டார். குரல் கனிந்திருந்தது.

“நடந்ததை மறந்துடு. அந்த இருபத்து நாலு மில்லிமீட்டரை மட்டும் ஆய்வேட்டுல வை. ரெண்டு மாசத்துல நீ டாக்டர். வெளிக் கிருமி நம்ம பேச்சுல வரவே வேணாம்.”

அன்று வடிவு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். இருபத்து நாலு மில்லிமீட்டர். வைத்தால் என்ன? நாற்பத்தொரு பேர் வைத்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஆனால் அசோக் நகர் தாண்டும்போது அவளுக்கு அந்த இன்னொரு தட்டு நினைவுக்கு வந்தது. பச்சைக் காகிதத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த கிருமி. ஆறு வருஷத்தில் அவள் கண்ணெதிரே நிஜமாக நடந்த ஒரே விஷயம் அதுதான். அதைப் போய் எப்படி நடக்கவில்லை என்பது?

எழுதினாள். எஸ்.வி-4ஐ எப்படிச் செய்வது, அது எவ்வளவு அழகான படிகம், அது ஈ.கோலையை ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று முந்நூறு பக்கம். கூடவே நம்ம கிருமியைப் பற்றி ஓர் அத்தியாயம். சித்தார்த்தனிடம் கையெழுத்துக்குக் கொடுத்தாள். அவர் மாணவர்களின் ஆய்வேட்டை ஒருபோதும் படித்ததில்லை. அன்றும் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. போட்டுக் கொடுத்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு அவளுடைய அப்பா வேன் வைத்துக்கொண்டு வந்தார். கடை ஆட்கள், சித்தப்பாக்கள், மாமாக்கள் எல்லாரும் வெள்ளை வேட்டியோடு முன் வரிசைகளில் உட்கார்ந்தார்கள். தேர்வாளராக வெளியூரிலிருந்து வந்திருந்தவர் நிக்கல்காரர். நாற்பத்தொரு பேரில் ஒருவர். வடிவு கணினித் திரையில் கொழுகொழுத் தட்டின் படத்தைக் காட்டினாள். சித்தார்த்தன் அதை அப்போதுதான் முதன்முதலாக நன்றாகப் பார்த்தார்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “அப்ப இந்தச் சேர்மம் கிருமியைக் கொல்லவே இல்லையா?”

“இல்ல சார்.”

“கொஞ்சமாவது?”

“கொஞ்சங்கூட இல்ல சார்.”

“மயக்கமாவது போட்டுச்சா?”

“நல்லா வளர்ந்துச்சு சார்.”

தேர்வாளர் பேனாவை மூடினார். அப்போது முன்வரிசையில் அவளுடைய அப்பா எழுந்தார். கண்ணில் நீர் மின்னியது.

“கேட்டியளாடே! ஆறு வருசமா இம்புட்டு மருந்து மாயத்துல கெடந்தும், எம் மவ ஒரு உசுரைக் கொல்லல!” என்று கைதட்டினார்.

சித்தப்பாக்கள் எழுந்தார்கள். மாமாக்கள் எழுந்தார்கள். கடை ஆட்கள் பித்தளை அண்டாவைத் தட்டுகிற கைகளால் தட்டினார்கள். ஒருவர் விசிலடித்தார். இயக்குநருக்குக் கைதட்டல் கேட்டால் எழுந்து வணங்குவது வழக்கம். பழக்கதோஷத்தில் அவரும் எழுந்து கும்பிட்டுவிட்டார்.

குழு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. நிராகரிப்பது என்றுதான் எல்லாரும் முடிவு செய்தார்கள். ஆனால் நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும். ‘தவறான கிருமி’ என்று தேர்வாளர் எழுதினார். அப்படியென்றால் சரியான கிருமி எது என்று கேட்பார்களே என்றார் பதிவாளர். அடித்தார்கள். ‘மையத்தின் கிருமியை அவமதித்தார்’ என்று சித்தார்த்தன் எழுதினார். அது என்ன கிருமி என்று கேட்பார்களே என்றார் பதிவாளர். அதையும் அடித்தார்கள். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் ஒரு சொல் வந்து நின்றது. தயிர் என்ற அந்தச் சொல்லைத் தன் கையெழுத்தில் எழுத அந்த அறையில் எவருக்கும் துணிவில்லை. இரண்டாவது டீயும் தீர்ந்தது. வெளியே வந்து, சண்முகவடிவுக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள்.

நாக்கை நீட்டிய சித்தப்பாதான் அவளை முதலில் தூக்கிக்கொண்டார்.

மறு திங்கட்கிழமை, தன் சாமான்களை எடுத்துப்போக வடிவு ஆமைக்குப் போனாள். பீரோவைத் திறந்து வெளிக் கிருமியின் குழாயைக் கையில் எடுத்தபோது, சித்தார்த்தன் வாசலில் நிற்பது தெரிந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“வடிவு, ஒரு சின்ன உதவி. அடுத்த மாசம் அஞ்சு பேர் ஆராய்ச்சிக்குச் சேர்றாங்க. பழைய கிருமியும் கைவிட்டுப் போச்சு. இதை இங்கேயே விட்டுட்டுப் போயேன்.”

“தாராளமா வெச்சுக்கங்க சார்.”

அவர் போகவில்லை. குழாயைச் சந்தேகத்தோடு பார்த்தார். “இதைக் கொஞ்சம் சாதுவாக்கிக் குடுத்துட்டுப் போக முடியுமா? நம்ம பசங்க எதை வெச்சாலும் ஏதோ ஒரு இருபது மில்லிமீட்டராவது விட்டுக்குடுக்கிற மாதிரி.”

வடிவு குழாயை அவர் கையில் பத்திரமாக வைத்தாள்.

“கஷ்டம் சார். இது படிக்காத கிருமி. சொன்னாக் கேக்காது.”